அண்ணாவுக்கு ஒரு பாப்லர் கட்டில்

என் கோபக்கார அண்ணாவுக்கு,

பெஹாலாவில் மழை விடவே இல்லை. பட்டறையில் பிளைவுட் எல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. நீ இருந்திருந்தால் காலையிலேயே எல்லாரையும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருப்பாய். நான் திட்டினால் ஒருவருக்கும் உறைப்பதில்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. உனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும், வழக்கம் என்று சொல்லி உன்னைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் கிடத்தினோம். பவானிபூரில் பாதி வீட்டுக்குக் கட்டில் போட்டுக் கொடுத்தவன் நீ. கடைசியில் ஈரம் கசிகிற தரையில், ஒரு பாயில் போனாய். வழக்கம்தான், தெரியும். தெரிந்துவிட்டால் வயிறு எரியாமல் இருக்குமா?

அதனால்தான், காரியத்தில் கட்டில் தானம் கொடுக்கலாம் என்று புரோகிதர் சொன்னதும் நானும் அண்ணியும் உடனே தலையாட்டினோம். இங்கே வங்காளி வீடுகளில் கட்டில், மெத்தை, தலையணை, குடை, செருப்பு என்று கொடுப்பார்களே, போனவர் அங்கே படுக்க வேண்டுமே என்று, அதேதான். ஆனால் எந்த மரம் என்றதும் சண்டை வந்துவிட்டது.

"சேகுன்ல போடு" என்றாள் அண்ணி. இந்த ஊரில் தேக்குக்கு அதுதானே பேர். "ஊருக்கெல்லாம் சேகுன், அவருக்கு மட்டும் பெட்டி அடிக்கிற மரமா? பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"அண்ணாவுக்குப் பாப்லர்தான் பிடிக்கும், அண்ணி."

"அவருக்கு பீடிகூடத்தான் பிடிக்கும். அதையும் ஒரு கட்டு வாங்கி வைப்போமா?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு. அண்ணி சொல்வதிலும் தப்பில்லை. பஞ்சாப் பக்கத்திலிருந்து லாரியில் வருகிற அந்த வெளுத்த மரத்தை இங்கே யார் மதிக்கிறார்கள்? சோபாவின் உள்சட்டம், இழுப்பறையின் பக்கப்பலகை, அலமாரியின் முதுகு என்று கண்ணில் படாத இடத்துக்கெல்லாம் அதுதான். வெளியே சேகுன் ஒரு மெல்லிய தோலாக ஒட்டிக்கொண்டு பேரை வாங்கிக்கொண்டு போய்விடும்.

நீ மட்டும் அதை "சமத்து மரம்" என்பாய். ஆணி அடித்தால் பிளக்காது. பசை நன்றாகப் பிடிக்கும். குறுகலான மாடிப்படியில் அலமாரியைத் தூக்கிப் போகிறவர்கள் உன்னை வாழ்த்துவார்கள், அவ்வளவு லேசு. இழைக்கும்போது நார் எழும்பும்தான், ஆனால் உப்புத்தாள் போட்டு, பிரைமர் கொடுத்து, பெயிண்ட் அடித்தால் மழமழவென்று நிற்கும். பாலிஷ் மட்டும் அதற்கு ஆகாது, முகத்தில் தேமல் விழுந்த மாதிரி திட்டுத் திட்டாகப் பிடிக்கும். நகம் பட்டாலே பள்ளம். ஈரம் அதற்கு எமன், கரையானுக்கோ அல்வா. இதையெல்லாம் வாடிக்கையாளரிடம் நீயே சொல்லிவிட்டு, பிறகு ஏன் யாரும் வாங்கமாட்டேன் என்கிறார்கள் என்று கத்துவாய்.

கடைசியில் நான் அண்ணியைப் பட்டறைக்கு அழைத்துப் போனேன். கை நடுங்க ஆரம்பித்த பிறகு உன்னால் இழைக்க முடிந்தது பாப்லரை மட்டும்தான். நீ இழைத்துச் சுவரோரம் சாய்த்து வைத்த பலகைகள் அப்படியே இருந்தன. பால் போல இருந்தவை மஞ்சளித்துப் போயிருந்தன. அண்ணி ஒரு பலகையைத் தடவிப் பார்த்தாள். அதற்குப் பிறகு சேகுன் பேச்சை எடுக்கவில்லை.

தானக் கட்டில் என்றால் இந்தத் தெருவில் எப்படிச் செய்வார்கள் என்று உனக்குத் தெரியாதா? யார் ஏறிப் படுக்கப்போகிறார்கள் என்று நாலு குச்சியைச் சேர்த்து ஆணி அடித்துவிடுவார்கள். நான் அப்படி விடவில்லை. பட்டறையில் தச்சு வேலை பார்க்கிற மிஸ்திரியின் பிராணனை வாங்கி, நடுவில் தாங்குகட்டை கொடுத்து, நீ இழைத்த பலகைகளையே நெருக்கி வைத்து, வெள்ளை பெயிண்ட் அடிக்க வைத்தேன். ஏறிப் புரண்டும் பார்த்தேன். ஒரு முனகல் இல்லை.

காரியம் முடிந்த சில நாளிலேயே அந்தக் கட்டில் வேன் ரிக்‌ஷாவில் நம் கடைக்கே வந்து நின்றது, அண்ணா.

புரோகிதர் வீட்டில் இத்தனை கட்டிலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? கடைக்கே திருப்பி விற்பதும், அதுவே அடுத்த வீட்டுக் காரியத்துக்குப் போவதும் இங்கே நடக்கிறதுதான். நீயும் நானும் சிரித்துக்கொண்டே எத்தனையோ கட்டிலை வாங்கிப் போட்டிருக்கிறோம். கொண்டுவந்தவனுக்கு யாருடைய கட்டில் என்று தெரியாது. மிஸ்திரியும் பழக்கத்தில் இறக்கி உள்ளே வைத்துவிட்டார். அண்ணி அப்போது கடையில் இருந்தாள்.

"அப்போ உங்க அண்ணா இப்ப எதுல படுத்திருக்காரு, மங்கை?" என்று கேட்டாள். "மறுபடியும் தரையிலயா?"

சாஸ்திரம் எனக்குத் தெரியாது. அங்கே ஒரு இடம் இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். ஆனால் அண்ணி கேட்ட நிமிஷத்திலிருந்து நீ தரையில் கிடப்பதுதான் கண்ணில் நிற்கிறது. தன் அப்பாவின் காரியத்துக்கு என்று ஒருவர் வந்து அந்தக் கட்டிலையே கேட்டார். விற்பனைக்கில்லை என்றேன். கட்டில் கடையில் கட்டில் விற்கமாட்டீர்களா என்று கோபித்துக்கொண்டு போனார்.

வீட்டில் வைத்துக்கொண்டால் கொடுத்ததைத் திருப்பி எடுத்த மாதிரி. விற்றால் அடுத்தவர் பேருக்குப் போய்விடும். யோசித்து யோசித்து, உன்னை அண்ணா முறை வைத்து 'தாதா' என்று கூப்பிட்டுக் கடைசிவரை பார்த்துக்கொண்ட ஆயா மாலதியிடம் போனேன். டாக்குரியாவில் ரயில் பாதையோரம் ஒரு அறை. தரையில்தான் படுக்கிறாள். செத்தவர் கட்டில் வேண்டாம் என்பாளோ என்று பயந்துகொண்டேதான் கேட்டேன்.

"ஓ மா! தாதாவோட கட்டிலா? குடுங்க தீதி" என்றாள் அவள் வங்காள மொழியில். "மருந்து குடிக்க மாட்டேன்னு என்கிட்ட அத்தனை ஏச்சு வாங்கின மனுஷன், செத்தப்புறமா என்னைப் பயமுறுத்தப் போறாரு?" சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், நானும் மாலதியுமே உள்ளே தூக்கிப் போட்டோம். காலுக்கடியில் செங்கல் வைத்திருக்கிறேன். இருந்தாலும் அந்த அறைக்குள் மழைத் தண்ணீர் வருகிறது, அண்ணா. பாப்லர் அதற்குத் தாக்குப்பிடிக்காது. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

ஒவ்வொரு மழைக்கும் போய்த் தட்டிப் பார்ப்பேன். கால் உளுத்தால் கால், பலகை போனால் பலகை, நானே மாற்றுவேன். நீ இழைத்தது ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம். போகட்டும். என் உயிர் இருக்கிறவரை உன்னை இன்னொரு தரம் தரையில் படுக்க விடமாட்டேன்.

அன்றைக்கு உன்னைக் கால்மாட்டில் பிடித்துக் கீழே இறக்கிய
உன் தங்கை,
மங்கை