எனக்கு மட்டும் ஒரு நாற்காலி

ஜனவரி 8

என் செல்லச் சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ மூக்கை உறிஞ்சுகிறாய், நான் சத்தம் போடுகிறேன். இனிமேல் கடிதம்தான் என்று நீ சொன்னது ஒரு வகையில் நல்லதுதான். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

இங்கே எல்லாரும் நலம். உன் அத்தானுக்கு மட்டும் இடுப்பு வலி. அதற்கென்றே செய்த நாற்காலி ஒன்று வரவழைத்தோம். உட்கார்ந்தால் வலி இல்லையாம், எழுந்தால்தான் வலிக்கிறதாம். அதனால் எழுந்திருப்பதில்லை.

சாயங்காலமானால் கால் வீங்கிவிடுகிறது என்று சொன்னாயே, அதைப் பற்றி யோசித்தேன். நாள் முழுக்க நின்றால் வீங்கத்தானே செய்யும்? நடுநடுவே உட்கார வேண்டியதுதானே? மதியம் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் வைத்துப் படு. அந்த நாலாவது மாடியும் வேண்டாம். கீழ் வீட்டுக்கு மாறிவிட்டால் படி ஏறுகிற வேலையே இல்லை. கொஞ்சம் யோசித்தாலே பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும். நீதான் யோசிப்பதில்லை.

உன் நன்மையையே நினைக்கும்,
அக்கா

ஜனவரி 17

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். கீழ் வீட்டுக்கு மாறச் சொன்ன இடம் வந்ததும், "அடடா, நமக்கு இது தோணவே இல்லையே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. கீழ் வீட்டு வாடகைக்கு எங்கள் வீட்டைப் போல இரண்டு எடுக்கலாம் அக்கா.

உட்காருவதைப் பற்றிக் கேட்டாய். எங்கள் கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளை உயரமான மேஜையில் விரித்து, பிசிறு வெட்டி, பட்டனைச் சரிபார்த்துத் தள்ளுவது என் வேலை. நின்றால்தான் கை வேகமாக ஓடும் என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு. அதனால் எங்கள் பகுதியில் ஒரு முக்காலிகூடக் கிடையாது. கழிப்பறையில் போய்க் கொஞ்சம் உட்காருவோம். சூப்பர்வைசர் அதையும் மோப்பம் பிடித்துவிட்டார். "என்னம்மா, உள்ள பாய் விரிச்சிருக்கா?" என்று வாசலில் நின்று கேட்கிறார்.

ஆனால் என் மேஜைக்காரிகள் தங்கம். பட்டன் அக்கா என்று ஒருத்தி இருக்கிறாள். கை பட்டன் பார்க்கும், வாய் ஊர்க்கதை சொல்லும். போன வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று தாமதமாகப் போனேன். எல்லாருமாகச் சேர்ந்து என் குவியலையும் முடித்து வைத்திருந்தார்கள். சூப்பர்வைசரிடம் மூச்சுக்கூட விடவில்லை. அப்படிப்பட்ட ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போது கால் வலி எம்மாத்திரம்?

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் சின்னவள்

பிப்ரவரி 2

கண்ணே,

நல்ல செய்தி. நேற்று ஒரு விருந்துக்குப் போயிருந்தோம். பக்கத்து மேஜையில் யார் தெரியுமா? உன் முதலாளி. எவ்வளவு தன்மையான மனிதர். விஷயத்தைச் சொன்னதும் பதறிப்போனார். "உங்க தங்கச்சியா? எனக்குத் தெரியவே தெரியாதுங்க. நாளைக்கே சேர் போட்டுடறேன்" என்றார்.

பார்த்தாயா? வாயைத் திறந்து கேட்டால் கிடைக்கிற விஷயம். நீங்களெல்லாம் கேட்பதே இல்லை. உங்களிடம் உள்ள ஒரே குறை அதுதான்.

இனி கால் வீங்காது. நிம்மதியாகத் தூங்கு.

அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்கா,

நாற்காலி வந்தது. மெத்தை வைத்தது, சக்கரம் வைத்தது. கூடவே எனக்கென்று ஒரு மின்விசிறி. நாற்காலியில் உட்கார்ந்தால் என் மூக்குதான் மேஜை விளிம்புக்கு எட்டுகிறது. சட்டை தெரிவதில்லை. அதனால் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறேன். சூப்பர்வைசர் அதற்கும் விடுவதில்லை. "உக்காருங்கம்மா, முதலாளி பாத்தா என்னைத் திட்டுவாரு" என்கிறார். நேற்று வரை "ஏய்" என்று கூப்பிட்ட வாய்.

அதைச் சகித்துக்கொள்வேன். மற்றவர்கள் என்னோடு பேசுவதில்லை. நான் போனால் பட்டன் அக்கா கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு நூலைப் பார்க்கிறாள். நான் முதலாளி வீட்டுச் சொந்தமாம், உளவு பார்க்க வந்தவளாம். போன திங்கட்கிழமை சூப்பர்வைசர் யாரோ இரண்டு பேரைத் திட்டினார். நான்தான் போட்டுக் கொடுத்தேன் என்று முடிவே கட்டிவிட்டார்கள். மறுநாள் பஸ் கிடைக்காமல் தாமதமாகப் போனேன். என் குவியல் வைத்தது வைத்தபடி மலைபோல இருந்தது. மின்விசிறி மட்டும் எனக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அக்கா, உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இனி எனக்கு ஒரு நல்லதும் செய்யாதே.

சின்னவள்

பிப்ரவரி 20

அடி அசடே,

இது பொறாமை, வேறொன்றும் இல்லை. நான் நேரில் வந்து அவர்களிடம் நாலு நல்ல வார்த்தை பேசினால் சரியாகிவிடும். வெள்ளிக்கிழமை வேலை விடுகிற நேரத்துக்குக் கம்பெனி வாசலில் இருப்பேன். எல்லாருக்கும் பிஸ்கட் டப்பா வாங்கி வைத்திருக்கிறேன், வெளிநாட்டுப் பிஸ்கட்.

அக்கா

மார்ச் 1

அக்காவுக்கு,

நீ கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன்னைத் திட்ட வேண்டும் என்று நான் வாசலுக்கு வரவில்லை. பிஸ்கட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நீ பட்டன் அக்காவின் தோளைத் தட்டி, "என் தங்கச்சியக் கொஞ்சம் பாத்துக்கங்க, அவளுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் பழக்கமில்ல" என்றாயே, அங்கேதான் எனக்குக் கட்டு அறுந்தது. கல்யாணமான நாளிலிருந்து இங்கேதான் நிற்கிறேன் அக்கா. பழக்கமில்லாமல் எப்படி நிற்கிறேன்?

அதற்கப்புறம் என்னென்ன கத்தினேன் என்று எனக்கே முழுதாக நினைவில்லை. "எனக்கு மட்டும் எதுக்கு நாற்காலி? இவங்களுக்கெல்லாம் கால் மரத்துல செஞ்சிருக்கா? உன் வீட்டுல யாரு நிக்கிறாங்கன்னு என்னைக்காவது பாத்திருக்கியா?" என்றது நினைவிருக்கிறது. நீ பிஸ்கட் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றதும் நினைவிருக்கிறது.

கார் போனதும் பட்டன் அக்காதான் மெல்ல என் பக்கத்தில் வந்தாள். "ஏண்டி, இவ்வளவு பெரிய வாயை வச்சுக்கிட்டா இத்தன நாளு சும்மா இருந்த?" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான்.

முதலாளிக்கு விஷயம் போய், மறுநாளே நாற்காலியையும் மின்விசிறியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் எல்லாருமாகப் போய், மேஜை உயரத்துக்கு ஏற்ற முக்காலி ஆளுக்கொன்று வேண்டும் என்று கேட்டோம். "யோசிக்கலாம்" என்றிருக்கிறார். அவர் யோசிக்கும் வரை நாங்கள் நிற்கிறோம். பட்டன் அக்கா விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடங்கிவிட்டாள்.

உன்னை ரொம்ப அழ வைத்துவிட்டேனா?

சின்னவள்

மார்ச் 24

சின்னவளுக்கு,

உனக்கு எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். அத்தனை பேர் முன்னால், டிரைவர் முன்னால் பேசினாய். வரும் வழியெல்லாம் அவர் பாட்டே போடவில்லை. துக்க வீட்டுக்குக் கூட்டிப் போவது போல ஓட்டினார்.

என் வீட்டில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டாயே, அந்தக் கோபத்தில்தான் மறுநாள் பார்த்தேன், உன்னைப் பொய்யாக்குவதற்காக. சமைக்கிற அம்மா நின்றுகொண்டிருந்தார். சாயங்காலம் போனேன், நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கூடம் நிறைய நாற்காலி கிடக்கிற வீட்டில், சமையலறையில் ஒன்றுகூட இல்லை.

உடனே ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டேன். அவர் அதைத் துணியால் துடைத்தார். உட்காரத்தான் துடைக்கிறார் என்று நினைத்தேன். துடைத்துவிட்டுக் கூடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். திரும்பக் கொண்டுவந்தேன். "உட்காருங்க" என்றேன். "என்ன தப்பு பண்ணிட்டேன்மா? வேலைய விட்டு நிறுத்தப் போறீங்களா?" என்றார்.

இல்லை என்று சத்தியம் செய்தேன். டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் வந்தவர் போல நுனியில் உட்கார்ந்தார். நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் மூடி ஆடிய சத்தம் கேட்டதுதான் தாமதம், துள்ளி எழுந்துவிட்டார். மறுபடி உட்காரச் சொன்னேன். அழ ஆரம்பித்துவிட்டார். அவர் அழுவதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. சத்தம் கேட்டு உன் அத்தானே எழுந்து வந்து பார்த்தார் என்றால் பார்த்துக்கொள்.

உன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், கேட்க வேறு ஆளில்லை. ஒருத்தரை எப்படி உட்கார வைப்பது?

அக்கா

மார்ச் 30

என் அக்காவுக்கு,

நாற்காலியை அடுப்புக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நீ வெளியே போய்விடு. எட்டிப் பார்க்காதே.

திரும்ப உள்ளே போகும்போது செருப்புச் சத்தம் கேட்கிற மாதிரி நடந்து போ.

உன் சின்னவள்