விளம்பரத்தின் சத்தம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையைத் துப்பாமல் விழுங்குகிறாரா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நிகழ்ச்சியைவிட விளம்பரம் சத்தமாக ஒலிக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவரப் பார்த்தார்கள். அதைத் தடுக்க எங்கள் டிவி முதலாளிகள் எம்.பி.க்களைச் சந்தித்தார்கள். ஒலிப்பதிவு ஆள் என்று என்னையும் இழுத்துப் போனார்கள். இரவல் கோட்டின் கை முழங்கைக்கு ஏறிவிட்டது, சிரிக்காதே.

விளம்பரத்தின் தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம் வைத்தால் போதும், பிறகு எவ்வளவு கத்தினாலும் சத்தத்தை அளக்கும் மீட்டர் சராசரியைத்தான் காட்டும். அந்த வித்தை என்னுடையது. அங்கே ஒரு விளம்பரத்தைப் போட்டுக் காட்டினேன், மீட்டரைப் பார்த்து எம்.பி.க்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பெண் எம்.பி. மட்டும் கேட்டார்: "ஏன் தம்பி, உங்க வீட்ல விளம்பரம் வந்தா சத்தத்தக் குறைக்க மாட்டாங்களா?"

முதலாளி என்னையே பார்த்தார். உண்மையைச் சொன்னால் வேலை போகும். அப்புறம் அப்பாவின் மருந்துக்கு எங்கே போவேன்?

"மாட்டாங்க மேடம்."

சட்டத்தைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை அம்மா. மகன் வேலை பார்க்கும் சேனல் என்று அப்பா இதைத்தான் பார்க்கிறார். விளம்பரம் வரும்போதெல்லாம் அவருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது என்றாயே. "வந்துடுடா" என்று ஒரே ஒரு தடவை சொல்லேன், ஓடி வந்துவிடுகிறேன்.

ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டு அவர் கைக்கு எட்டும்படி வை. போன் பேசும்போது டிவியை அணைக்காதே, டிவியோடு பேசும் அவர் குரலைக் கேட்க வேண்டும். என்னைக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். "எவன் அவன், இந்தக் கத்து கத்துறான்?" என்று அவர் திட்டினால், நான்தான் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் மகன்