ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள்

ஜனவரி 9, 2025

இன்றும் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டேன். தவறவிட்டேன் என்பதுகூடப் பொய். பஸ் வந்தது, கதவு திறந்தது, நான் ஏறவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டார். வீடு திரும்பினால், என் மனைவி ரூபா என்னைப் பார்த்துவிட்டு இன்னொரு தோசை ஊற்றினாள். "டாக்டர்கிட்ட மாத்திரைய மாத்தச் சொல்லுங்க ரீ" என்றாள், கன்னடத்து மரியாதையோடு. மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. கட்டிக்கொண்ட பாவத்துக்கு அவளும் எத்தனை நாள்தான் தாங்குவாள்?

ஜனவரி 16

டாக்டர் சின்மயி ஓர் ஆராய்ச்சி நடத்துகிறார். சின்ன வயதில் கொடுமை அனுபவித்து, பெரியவர்களானபின் மனச்சோர்வில் விழுந்தவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். "மூளையில ஒரு பகுதி இன்னொரு பகுதியோட சேர்ந்துதான் வேலை செய்யுது. அந்தத் தொடர்பு உங்களை மாதிரி ஆளுங்களுக்கு வேற மாதிரி இருக்கான்னு பாக்கறோம்." ஒப்பிட்டுப் பார்க்க, அதே வீட்டில் வளர்ந்த, நோய் இல்லாத ஒருவரும் வேண்டுமாம்.

அக்கா இருக்கிறாள் என்றேன். மோகனப்ரியா. எங்கள் ஊர் ஹனூருக்குப் பக்கத்தில், ராமாபுரத்தில் மாமாவோடு உரக்கடை நடத்துகிறாள்.

"அவங்களையும் அப்பா அடிப்பாரா?"

"இல்லை. அவள் செல்லம்."

ஜனவரி 22

அப்பா அடிப்பார் என்பது மட்டும்தான் டாக்டருக்குத் தெரியும். இன்று மீதியையும் சொல்லிவிட்டேன். ரூபாவிடம்கூடச் சொல்லாதது.

ஹனூரில் எங்கள் பட்டுப்புழுக் கொட்டகை. அம்மா போன பிறகு அப்பா என்னை அதற்குள் தள்ளிப் பூட்டுவார். காரணம் எதுவும் தேவையில்லை. இருட்டு, ஈரத் தழை நாற்றம், புழுக்கள் இலை தின்னும் சத்தம். கத்தினால் பெல்ட். அப்பா செத்து ஆறு வருஷமாகிறது, போய்க் கேட்கவும் ஆள் இல்லை.

ஒன்றை மட்டும் டாக்டரிடம் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே அப்பா அக்காவிடம் கேட்பார்: "தெறந்து உடட்டுமா?" அக்கா சொல்வாள்: "வேண்டாம்ப்பா. கெடக்கட்டும்."

அடியெல்லாம் மறந்துவிட்டது. இது போகமாட்டேன் என்கிறது.

ஜனவரி 29

ஸ்கேன் எடுத்தார்கள். குழாய்க்குள் படுத்து எதையும் நினைக்காமல் இருக்க வேண்டுமாம் – எப்படி?

வெளியே வந்ததும் படத்தைக் காட்டச் சொன்னேன். இதோ, உன் அப்பா செய்தது இங்கே இருக்கிறது என்று யாராவது விரல் வைத்துக் காட்டினால் போதும். டாக்டர் முடியாது என்று தலையசைத்தார். "ஒருத்தரோட படத்த வெச்சு அப்படிச் சொல்ல முடியாது சார். நெறையப் பேரைச் சேர்த்துப் பாத்தாத்தான் ஏதாவது தெரியும். அப்பவும் இதனாலதான் இதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது."

அப்போ எனக்குன்னு என்னதான் இருக்கு? இவ்வளவு பட்டும் ஒரு படம்கூடக் கிடையாதா?

பிப்ரவரி 2

படுக்கை. குளிக்கவில்லை.

பிப்ரவரி 5

அக்கா ஆராய்ச்சிக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். காலையில் டாக்டர் அறைக்குள் போனவள், மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வரவில்லை. கடைசியில் டாக்டர் வந்து, "உங்க அக்காவை ஒப்பீட்டுக்கு எடுத்துக்க முடியாது" என்றார். ஏன் என்றேன். "சொல்லணும்னா அவங்களே சொல்லட்டும்."

ஹனூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மொதல் தடவ, தெறந்து உடுங்கப்பான்னு அழுதேன். விடியற வரைக்கும் உன்னைய உடலை. வேண்டாம்னு சொன்னாத்தான் சிரிச்சுக்கிட்டே தெறப்பாரு. அதான் அப்படிச் சொல்லப் பழகிட்டேன். உள்ள உனக்குக் கேக்கும்னு தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு: "கண்ணாலமானதுல இருந்து தூக்க மாத்திரை இல்லாம நான் கண்ண மூடுனதில்ல. உங்க மாமனுக்குத் தெரியாது."

அவள் எனக்காகத்தான் சொல்லியிருக்கிறாள். நான் இத்தனை வருஷம் – என்ன மனுஷன் நான்? பஸ் வந்தது. பையை எடுத்துக் கொடுத்து, ஏற்றி அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 11

அக்காவுக்குச் சிகிச்சை ஆரம்பிக்க டாக்டர் இன்று வரச் சொல்லியிருந்தார். வரவில்லை. போனை எடுக்கவில்லை. வீட்டில் எத்தனை மாத்திரை வைத்திருப்பாள்? மறுபடி மறுபடி அடித்துப் பார்க்கிறேன். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, கம்பெனிக்கு நான் சொல்லிக்கறேன்" என்றாள் ரூபா.

பிப்ரவரி 12

முதல் பஸ்ஸில் ராமாபுரம். அக்கா கடையில் யூரியாவுக்கு பில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கறேன். இவன்தான் எதையாச்சும் நெனச்சுக்குவான்" என்று மாமாவிடம் சொன்னாள். உயிரோடு இருக்கிறாளே என்ற நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. எவ்வளவு சுலபமாகச் சிரித்து மறைக்கிறாள்.

மாமா லோடு இறக்கப் போனதும் கிட்டே வந்தாள்.

"அவுருகிட்ட என்னன்னு சொல்லிப்போட்டு மைசூருக்கு வர்றது?"

"எனக்கு ஒடம்பு சரியில்ல, கூட ஆள் வேணும்னு சொல்லு. பொய்யில்லக்கா."

பிப்ரவரி 20

ஆஸ்பத்திரியில் கூட்டம். நானும் அக்காவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் வந்து, பேஷன்ட் யார், கூட வந்தது யார் என்று கன்னடத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்:

"ரெண்டு பேருந்தானுங்க."