மலாயாவுக்குப் போகாத பயறு

மாமா,

இதனால் சகலருக்கும் அறியத்தருவது: 1989 மாசி 12, இன்று காலை, சுவிஸின் லுசேர்ணில், எங்கள் வீட்டுக் குசினியில், பயற்றுப் போத்தல் கைதவறி விழுந்து ஜப்பானியக் கடற்படை முழுவதும் அடுப்புக்குக் கீழே மூழ்கியது. உயிர்ச்சேதம் இல்லை. அம்மாவிடம் நான் வாங்கிய பேச்சு மட்டும்தான் சேதம்.

முழங்காலில் நின்று பொறுக்கும்போது உங்கள் நினைவு வந்தது. மாரடைப்பில் நீங்கள் போய் மூன்று மாதம். அப்பாவோடு ஹோட்டலில் சட்டி கழுவிவிட்டு, ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். ஹோட்டலில் தட்டுக்குக் கீழே விரிக்கும் கடதாசியைத் திருப்பிப்போட்டு ஆசியாவை வரைவீர்கள். பயறு உங்கள் ஜப்பான். கடலை என்னுடைய மிச்ச உலகம். தீவை விட்டு வந்த பயற்றை நான் சுற்றி வளைத்தால் வெற்றி எனக்கு. பத்துச் சுற்றுவரை பிடிபடாவிட்டால் உங்களுக்கு. நீங்களோ சீனாவில் நின்ற பயறுகளையும் முதல் சுற்றிலேயே வீட்டுக்குக் கூப்பிட்டுவிடுவீர்கள்.

"என்ன மாமா, உங்கட படை நித்திரையோ?"

"ஓமடா. நித்திரை கொள்ளுற படை ஆரையும் கொல்லாது."

"அப்ப கப்பல் ஓட எண்ணெய்க்கு என்ன செய்வியள்?"

"காசு குடுத்து வாங்குவன். நீ உன்ர கடலையைப் பார்."

போன செவ்வாய் சரித்திர வகுப்பில், நடந்த ஒன்றை மாற்றிச் சொல்லச் சொன்னார் வாத்தியார். மற்றவர்கள் ஐரோப்பாவைப் புரட்டினார்கள். நான் உங்கள் பொறுமையான ஜப்பானை எடுத்துப்போனேன். அதனால் யாருக்கு லாபம் என்று கேட்டார்.

"மலாயாவில், சிரம்பானில் இருந்த ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்கு" என்றேன். "சயாமில் தண்டவாளம் போட ஜப்பான்காரர் அவரைப் பிடித்துப்போயிருக்கமாட்டார்கள். என் மாமாவுக்கு அண்ணன் இருந்திருப்பார்."

வாத்தியார் குறிப்பேட்டைத் திறந்து எழுதினார். ஆறு புள்ளி, மாமா! இங்கே அதற்கு மேலே கிடையாது. என் நெஞ்சு பிலாத்துஸ் மலைக்குப் போட்டியாக நிமிர்ந்து நின்றது. அந்த வேகத்தில், உங்களை வென்ற ஒரே ஆள் நான்தான் என்றும் அளந்துவிட்டேன்.

அது எந்த வெற்றி என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் தேத்தண்ணி எடுக்கப் போன நேரம், ஒரு பயற்றை நானே மலாயாவில் இறக்கி, சுற்றிக் கடலையை நிறுத்தி, "மாமா, பிடிச்சிட்டன்!" என்று கத்தினேன். வந்து கோப்பையை மேசையில் வைத்தீர்கள். பிறகு அந்தப் பயற்றை மட்டும் விரலால் எடுத்தீர்கள்.

"இதிலை வேண்டாமடா. அங்க என்ர அண்ணை நிக்கிறார்."

அன்றுதான் அவரைப் பற்றி முதன்முதலாகச் சொன்னீர்கள். ஆட்டம் அத்தோடு நின்றது. நான் வென்றதாகவே வைத்துக்கொண்டேன்.

பொறுக்கியதில் ஒரு பயறு என் பென்சில் பெட்டியில் இருக்கிறது. வரும் செவ்வாய் அதை வகுப்பில் காட்டி, நீங்கள் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை, களவு செய்தது நான் என்று சொல்லவேண்டும். சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.