சாக்கில் வந்த கிழங்கு

சேலம்,
9-7-92, வியாழன்

அன்பு மகன் ஐயாக்கண்ணுவுக்கு அம்மா எழுதுவது. அந்தச் சேர்வராயன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை சாமி. உன் தங்கச்சி கண்ணாயியைத் திங்கட்கிழமையிலிருந்து இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம், அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அன்று காலையில் காய்கறி லாரி தங்கராஜ், ஒட்டன்சத்திரத்தில் நீ கொடுத்தனுப்பிய சாக்கை வாசலில் இறக்கி, ஐயாக்கண்ணு குடுத்துச்சுங்க, கிழங்குங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். நீ விதைக் கம்பெனியில் இருப்பவன், ஏதோ புது ரக வள்ளிக்கிழங்கு என்று நினைத்து மத்தியானமே இரண்டை உப்புப் போட்டு வேகவைத்தேன். கண்ணாயி ஒரு கடி கடித்துவிட்டு, நொம்பக் கசக்குதும்மா என்றாள். நான்தான், அண்ணன் ஆசையா அனுப்புனது கண்ணு, மூஞ்சியைச் சுளிக்காமத் தின்னு என்றேன். தின்றுவிட்டாள். பொழுது சாய்வதற்குள் வாந்தியும் பேதியுமாகத் துவண்டுபோனாள், ஜீப் பிடித்து மலை இறங்கினோம். என்ன கிழங்கும்மா என்று டாக்டர் கேட்டார், எனக்குப் பேர் சொல்லத் தெரியவில்லை.

உன் கடிதம் புதன்கிழமைதான் வந்தது. வீட்டுக்குப் போயிருந்த உன் அப்பா அதைத் தூக்கிக்கொண்டு இங்கே ஓடி வந்தார். கண்வலிக்கிழங்கு, வேலியோரம் நடவும், விதையை மருந்துக்கு வாங்குவார்கள், கிழங்கு விஷம், வாயில் படக்கூடாது என்று வரிவரியாக எழுதியிருக்கிறாய். அதில் ஒரு வார்த்தையைச் சாக்கின் மேல் எழுதியிருக்கக் கூடாதா? இவ்வளவு படித்து என்ன பிரயோசனம்? சின்ன வயசில் செம்மநத்தம் போகிற வழியில் அந்தக் கண்வலிப் பூவைக் கண்டால், பார்த்தால் கண் வலிக்கும் என்று உங்கள் இரண்டு பேர் முகத்தையும் பிடித்துத் திருப்பித்தானே கூட்டிப் போவேன். பூவையே ஏறிட்டுப் பார்க்காத நமக்கு அதன் கிழங்கு எப்படித் தெரியும்? உன்னைத் திட்டத்தான் காகிதம் எடுத்தேன், ஆனால் தின்னு என்று சொன்னது என் வாய், அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

இன்னும் மூணு நாள் தாண்டட்டுங்கம்மா, அப்புறந்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். அவளுக்குத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. தந்தி கொடுக்கலாம் என்று அப்பா கிளம்பினார், தந்தின்னா அண்ணன் பயந்துக்கும் வேண்டாங்க என்று அந்த நிலைமையிலும் இவள் தடுத்துவிட்டாள். மிச்சக் கிழங்கை மாடு, கோழிக்கு எட்டாமல் பரண்மேல் கட்டி வைத்திருக்கிறது, அதை நடுவதா புதைப்பதா என்று நீயே வந்து சொல்.

தபாலை நம்பாமல் தங்கராஜ் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். கண்டதும் பஸ் ஏறு, ஊருக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வா. வழியில் வேளைக்குச் சாப்பிடு, நீ நன்றாக இருக்க வேண்டும். தங்கச்சிக்கு என்று பழம், பண்டம் எதுவும் வாங்கி வராதே. நீ கொடுத்தால் கசந்தாலும் தின்றுவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆராயி