எருக்குழிக்குப் போன விளம்பரங்கள்

12.11.1986, புதன்

நீண்ட யோசனைக்குப் பின் இன்று காலை ஒரு மாபெரும் முடிவெடுத்தேன்: தபாலில் வரும் விளம்பரங்களை இனி வெந்நீர் அடுப்பில் எரித்துப் புகை கிளப்புவதில்லை, எருக்குழியில் போட்டு மக்க விடுவது.

ஏதோ ஒரு கைக்கடிகாரக் கம்பெனி ஆறு மாதமாக என்னை 'அன்புள்ள அதிர்ஷ்டசாலி' என்று அழைக்கிறது. வேண்டாம் என்று ஒரு கார்டு போட்டேன். ஆள் உயிரோடிருப்பது தெரிந்துபோய், வாரம் ஒன்றாக வந்தது மூன்றானது. இப்போது பிளாஸ்டிக் உறை வேறு. அவர்களுடைய பொய், மழையில் நனையக் கூடாதாம்.

"ஏனுங்க, அந்தக் கவரு மக்குமாங்க?" என்றாள் மனைவி.

"காயிதத்தோட கெடந்தா எல்லாம் மக்கும்."

"அப்பச் சரிங்க. படிச்சவங்க சொன்னா மண்ணு கேக்காமயா போயிரும்?"

எங்களுக்கு இருப்பது ஒரே எருமை, எட்டு மாதச் சினை. மதியம் அது கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய், குழியில் கிடந்த காய்த்தோலோடு உறைகளையும் தின்றிருக்கிறது. சாயங்காலம் வயிறு உப்பி, அசைபோடாமல் நின்றது. மாட்டு டாக்டர் வாய்க்குள் கைவிட்டு, தொண்டையில் அடைத்துக் கிடந்தவற்றில் ஓர் உறையை மட்டும் இழுத்தெடுத்தார். முகவரி கொஞ்சமும் அழியவில்லை.

"உங்க பேருதானுங்களே?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

ஏழு மணிக்கு எருமை செத்தது.