கசக்காத பட்டை

அன்புள்ள தையலுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. பையனுக்குக் கொடுக்கும் கஷாயத்தை உடனே நிறுத்து. நான் கொடுத்தது வெட்பாலை; சீதபேதிக்கான குடசப்பாலைப் பட்டை அல்ல.

எங்கள் ஆபீசில், செடிகளை உலர்த்தி ஒட்டிய பழைய தாள்களில், வெட்பாலையும் குடசப்பாலையும் ஒரே பெயரில் கிடந்தன. அதை நம்பினேன். இன்றுதான் காய்களைப் பிளந்தேன். ஒன்றின் விதையில் பஞ்சு மேல்நுனியில் இருக்கிறது. மற்றதில் காம்புப் பக்கம். இரண்டும் வேறு மரங்கள். பிரித்துப் பெயர் எழுதிவிட்டேன்.

மைதீன் பிச்சையின் நாட்டுமருந்துக் கடையில் நீ வாங்கிய பட்டையை நான் குப்பையில் கொட்டியபோது, "அதுதாங்க கசக்குது, நீங்க குடுத்தது சப்புன்னு கீது" என்றாய். "படிச்சவன் நானா, நீயா?" என்று கத்தினேன். நாக்கில் வைத்துப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

மூன்று நாள் போய்விட்டது.

சரியான பட்டையோடும் இந்தக் கடிதத்தோடும் மைதீன் பிச்சையே பாகூருக்கு உன்னிடம் வருகிறார். நடந்ததைச் சொன்னேன். "புள்ள பொழைக்கட்டும் தம்பி, சண்டைய அப்பால வச்சுக்கலாம்" என்று வண்டியைப் பூட்டினார்.

வண்டியில் இடம் இருக்கிறது. உன் முகத்தில் விழிக்கத் தைரியமில்லாமல் நான் ஏறவில்லை.

அவன் கண் திறந்து பார்க்கிறான் என்று ஒரு வரி எழுதி அவரிடமே கொடு. அதைப் படித்ததும் வருகிறேன்.

இப்படிக்கு,
அவன் அப்பா